காவலுக்குக் கணக்கு

பழைய காலத்தில் நமது தென் ஜில்லாக்களில் ஊர்க்காவல் என்று ஒரு முறை வழங்கி வந்தது. ஊராருடைய ஆடு மாடுகளையும் களத்து நெல்லையும் காப்பதற்கென்று காவற்காரர்கள் இருந்தார்கள். அறுவடையாகும் சமயத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு அளந்து கொடுப்பது வழக்கம். அதற்குப் பதிலாக அவர்கள் ஏற்றுக் கொண்ட பொறுப்பு இதுதான்: களவு போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அதன் பெறுமானத்தைத் தாங்களே ஈடு செய்ய வேண்டும். "இரவில் மூன்று தடவை ஊரைச் சுற்றி வந்தேன், தடியைத் தட்டினேன், குரல் கொடுத்தேன்" என்று காவற்காரர் சொன்னால் ஊரார் திருப்தி அடைந்துவிட மாட்டார்கள். "அதெல்லாம் இருக்கட்டும், மாடு எங்கே?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த முறையில் குறைகள் இல்லாமலில்லை. காவற்காரரே கள்வரோடு கூடிக் கொண்டதும், காவற்கூலி என்ற பெயரால் குடிகளை வருத்தியதும் உண்டு. ஆகவே அதை மீண்டும் கொண்டு வர வேண்டும் என்று சொல்வது நமது நோக்கமல்ல. ஆனால் அதன் அடியில் ஒரு நியாயம் இருந்தது. காவலின் தரத்தை அவர்கள் சுற்றிய சுற்றுக்களைக் கொண்டு அளக்கவில்லை. கொட்டிலில் நிற்கும் மாட்டைக் கொண்டு அளந்தார்கள். இந்த நியாயத்தை நாம் எங்கேயோ வழியில் தவற விட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது.

ஏனென்றால், மாட்டையும் நெல்லையும் விடப் பெரிய பொருள் ஒன்று நம் கண்ணெதிரே பறிபோயிருக்கிறது. அது ஆற்று நீர், கிணற்று நீர். அதற்கும் காவற்காரர் உண்டு, சம்பளம் உண்டு, சட்டம் உண்டு, அதிகாரமும் உண்டு. கணக்குக் கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை.

காவற்காரர் யார்?

1974-ஆம் வருஷத்தில் இந்தியப் பார்லிமெண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்படி ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஒரு மாசு கட்டுப்பாடு வாரியம் ஏற்பட வேண்டும். தமிழ்நாட்டு வாரியம் 1982-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அமைந்தது. கழிவு நீரை வெளியே விடும் எந்தத் தொழிற்சாலையும் இந்த வாரியத்தின் அனுமதி பெறாமல் நடக்கக் கூடாது. வாரியத்தின் உத்தியோகஸ்தர்கள் தொழிற்சாலைக்குள் பிரவேசித்துச் சோதனை போடலாம். கழிவு நீரை எடுத்துப் பரீட்சிக்கலாம். 1988-ஆம் வருஷத்துத் திருத்தத்தினால் இன்னும் பெரிய அதிகாரம் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. சட்டத்தை மீறும் தொழிற்சாலையை மூடும்படி உத்தரவிடலாம். மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம். கையில் தடியில்லாத காவற்காரர் என்று இவர்களைப் பற்றி யாரும் இரக்கப்பட வேண்டியதில்லை.

இனி, இந்தக் காவல் எப்படி நடந்தது என்பதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். பாலாற்றின் கதையே போதும்.

பாலாற்றில் போன பொருள்

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, நமது வட ஜில்லாக்களின் வழியாகக் கடலுக்குச் செல்வது பாலாறு. வருஷத்தில் பெரும்பாலும் அது மணலாகத்தான் கிடக்கும். ஆனால் அந்த மணலைத் தோண்டினால் ஊற்று, ஊற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து கழனி. மேலே வறண்டும் கீழே நிறைந்தும் இருந்த அந்த ஆற்றை நம்பியே தென்னந்தோப்புகளும் நெல் வயல்களும் கரை நெடுக வளர்ந்தன.

அதே கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களும், அருகே பேரணாம்பட்டும், தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர் பெற்றன. முன்னாளில் ஆவாரம்பட்டை முதலியவற்றைக் கொண்டு தோலைப் பதம் செய்தார்கள். பிற்காலத்தில் குரோமிய உப்பைக் கொண்டு விரைவாகப் பதம் செய்யும் முறை பரவியது. அந்த முறையில் சுமார் 170 விதமான ரசாயனப் பொருள்கள் உபயோகமாகின்றன என்றும், ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பிலேயே காணப்படுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? ஓடைக்கும் ஆற்றுக்கும் பக்கத்து நிலத்துக்குந்தான் போயிற்று.

வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கம் ஒன்று 1991-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. அதில் குறிக்கப்பட்டுள்ள சில விவரங்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தோல் தொழில் நடக்கும் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம், சிறிதளவோ முழுவதுமோ, சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் கணக்கெடுத்தபோது, 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டிருந்தன. நான்கு கிணறுகளில் மூன்று! ஊர்ப் பெண்கள் குடத்தை எடுத்துக் கொண்டு நெடுந்தூரம் நடக்க வேண்டியதாயிற்று என்பதைச் சொல்லாமலே அறிந்து கொள்ளலாம்.

பத்து வருஷத்து வேண்டுகோள்

இத்தனைக்கும் காவற்காரர் என்ன செய்து கொண்டிருந்தார்? வாரியமும் சர்க்காரும் ஏறக்குறைய பத்து வருஷ காலம் தொழிற்சாலைக்காரர்களைச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும்படி வேண்டி வந்தன என்பது அந்தத் தீர்ப்பிலிருந்து தெரிகிறது. மத்திய சர்க்கார் பண உதவியும் செய்வதாகச் சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் பெரும்பாலோர் அசையவில்லை. மூடச் சொல்லும் அதிகாரமுடைய ஒரு ஸ்தாபனம் பத்து வருஷம் வேண்டிக் கொண்டே இருந்தது என்றால், அந்த அதிகாரத்தை எந்த நாளுக்காகச் சேமித்து வைத்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

முடிவில் கோர்ட்டுத்தான் அந்த வேலையைச் செய்தது. மாசு படுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும். கேடு உண்டாகும் என்று அஞ்ச இடமிருந்தால், முழு ருசு கிடைக்கும் வரை காத்திராமல் முன்னதாகவே தடுக்க வேண்டும். இவ்விரண்டும் இந்த நாட்டின் சட்டமே என்று அந்தத் தீர்ப்பு முரசறைந்தது. குறித்த ஜில்லாக்களின் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 1996 நவம்பர் 30-ஆந் தேதிக்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவற்றை மூடச் சொன்னது. நஷ்டத்தை மதிப்பிடத் தனி அதிகார சபை ஒன்றை நிறுவவும் உத்தரவிட்டது.

அந்தச் சபை 2001-இல் தன் முடிவைச் சொன்னது. 29,000-க்கு மேற்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் சேர வேண்டும் என்று கணக்கிட்டது. கதை அதோடு முடிந்திருந்தால் நாமும் இதை எழுத வேண்டியிராது. 2025-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆந் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. நஷ்ட ஈடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் சர்க்கார் கொடுத்துவிட்டு, பிறகு மாசு படுத்தியவர்களிடம் அதை வசூல் செய்து கொள்ள வேண்டும் என்றும், ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைத்து நிலைமையைப் பரிசோதிக்க வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது.

வழக்குப் போட்ட வருஷம் 1991. மறு தீர்ப்பு வந்த வருஷம் 2025. முப்பத்து நான்கு வருஷங்கள்! வழக்குத் தொடங்கிய நாளில் பிறந்த குழந்தை தன் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கும். இந்தக் காலம் முழுவதிலும் வாரியம் இருந்தது, அலுவலகங்கள் திறந்தன, கோப்புகள் நகர்ந்தன, அறிக்கைகள் அச்சாயின.

எதை அளப்பது?

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவர்களாகிய நமக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். எந்த மாணாக்கனும் தன் விடைத்தாளைத் தானே திருத்தினால் தேறிவிடுவான். இத்தகைய வாரியங்களின் அறிக்கைகளைப் பார்த்தால் நாம் வழக்கமாகக் காண்பது என்ன? இத்தனை தொழிற்சாலைகளைப் பார்வையிட்டோம், இத்தனை அனுமதிகள் வழங்கினோம், இத்தனை நோட்டீசுகள் அனுப்பினோம் என்ற ஜாபிதாதான். இவை யாவும் காவற்காரர் சுற்றிய சுற்றுக்களின் எண்ணிக்கை. மாடு கொட்டிலில் இருக்கிறதா என்பதற்கு இதில் பதில் இல்லை.

எதை அளக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாலாற்றுக் கரையே சாட்சி. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதற்கு உப்பிடுகிறார்கள். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் கழுவலிலேயே அந்த உப்பு தண்ணீரில் இறங்கிவிடுகிறது. 1990-க்குப் பிந்திய வருஷங்களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவிலிருந்த அழுகும் பொருளைக் குறைத்தன, குரோமியத்தையும் குறைத்தன. ஆனால் உப்பு? ரசத்தில் உப்புக் கூடிப் போனால் எத்தனை தடவை வடிகட்டினாலும் போகாது என்பது நமது வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். கரைந்த உப்பு அடியிலும் தங்காது. அழுக்கைத் தின்னும் கிருமிகளும் அதைத் தின்னா. அதைப் பிரிக்க, மிக நுண்ணிய சவ்வின் வழியாகத் தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்த வேண்டும்; மிஞ்சியதைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். அந்த ஏற்பாடுகள் பிற்பாடுதான் வந்தன. இடையில், அழுக்கை மட்டும் அளந்து பார்த்தவருக்கு நிலையம் நன்றாக வேலை செய்தது. உப்புக் கரித்த கிணற்றை வைத்திருந்த குடியானவருக்கு ஒரு மாறுதலும் தெரியவில்லை. இருவரும் உண்மையே சொன்னார்கள். ஆனால் ஒருவருடைய உண்மைதான் அறிக்கையில் ஏறியது.

குடிநீருக்கு இந்திய அரசாங்கத்தார் அளவு வகுத்திருக்கிறார்கள். ஒரு லிட்டரில் கரைந்த உப்புக்கள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம். குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது. இந்த எண்களைப் பாலாற்றுக் கரையிலுள்ள ஒவ்வொரு கிராமத்தாரும் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். வாரியத்தின் திறமைக்கு இவையே உரைகல்.

கழிவைச் சுத்தம் செய்வதற்கென்றே ஏற்பட்ட நிலையமும் காவலின்றிப் போனால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டை கண்டது. 2015-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆந் தேதி பொழுது விடியுமுன்னர், அங்கிருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றில் கழிவுச் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளிகள் அந்தச் சேற்றில் மாண்டார்கள். பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் அவர்கள். எத்தனை நோட்டீசுகள் அனுப்பினோம் என்ற கணக்கு அந்தப் பத்துக் குடும்பங்களுக்கு என்ன ஆறுதல் தரும்?

தாமதம் தயவு அல்ல

"தொழிலை நெருக்கினால் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் வாயில் மண் விழும், அந்நியச் செலாவணி போய்விடும், ஆகையால் வாரியம் சற்றுப் பொறுத்துத்தான் போக வேண்டும்" என்று சிலர் சொல்லுவார்கள். தோல் தொழிலால் எத்தனையோ குடும்பங்கள் ஜீவிக்கின்றன என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் வாரியத்தின் தாமதம் தொழிலுக்குச் செய்யும் தயவு என்பதை மட்டும் ஒப்புக் கொள்ள முடியாது. திருப்பூரின் அனுபவம் இதற்கு நேர்மாறானது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவேரியில் கலக்கும் நொய்யலாறு, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரால் கெட்டது. ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். அதில் நிறைந்தது சாயக் கழிவு. அணையைத் திறந்தால் பயிர் கெடும் என்று விவசாயிகளே அஞ்சினார்கள். தண்ணீர் வேண்டிக் கட்டிய அணையைத் திறக்க வேண்டாமென்று வேண்டிய விந்தை நமது நாட்டில் நடந்தது! சென்னை ஹைகோர்ட் 2006-இல் உத்தரவிட்டது. உத்தரவு சரிவர நிறைவேறாமற் போகவே, 2011-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆந் தேதி சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி கட்டளை பிறந்தது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. தொழிலாளிகள் திகைத்தார்கள், பனியன் கம்பெனிகள் தடுமாறின.

இருபது வருஷங்களுக்கு முன்பே, வாரியம் பட்டறை ஒவ்வொன்றாகக் கண்டித்துத் திருத்தியிருந்தால் அந்த ஒரு நாள் வந்திருக்குமா? தினந்தோறும் சிறிது கண்டிக்காத உபாத்தியாயர் வருஷ முடிவில் வகுப்பு முழுவதையும் தவற விடுகிறார். அவருக்கு நல்லவர் என்று பெயர், நஷ்டம் பிள்ளைகளுக்கு. சட்டத்தை மதித்துச் செலவு செய்து கழிவைச் சுத்தம் செய்யும் முதலாளியும் இதனால் நஷ்டமடைகிறார். பக்கத்தில் ஒருவர் இரவோடிரவாக ஓடையில் திறந்து விட்டு மலிவாக விற்றால், யோக்கியர் எப்படிப் போட்டியிடுவார்?

வாரியத்திலுள்ள உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்பது நமது அபிப்பிராயமல்ல. ஓர் எஞ்சினீயர் தலையில் நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் விழும்போது அவரும் என்ன செய்வார்? வாரியத்தின் தலைவரை நியமிப்பது சர்க்கார். தொழிலைப் பெருக்க விரும்புவதும் அதே சர்க்கார். தலைவருக்குச் சுற்றுச்சூழல் விஷயத்தில் விசேஷ ஞானமோ அனுபவமோ வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆயினும் ராஜ்யங்களில் நியமனங்கள் நடக்கும் லட்சணத்தைக் கண்டு, இதற்குத் தக்க விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று 2017-ஆம் வருஷம் செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு எல்லா ராஜ்யங்களுக்கும் சொல்ல வேண்டி வந்தது. ஆகவே வாரியத்திடம் கணக்குக் கேட்பது அதைத் தூஷிப்பது ஆகாது. நேர்மையாக உழைக்க விரும்பும் உத்தியோகஸ்தருக்கு ஜனங்களுடைய கேள்வியே பக்கபலம். "மேலேயிருந்து பொறுத்துப் போகச் சொன்னார்கள்" என்ற நெருக்கடி நேரும்போது, "கீழேயிருந்து கேட்கிறார்களே!" என்று பதில் சொல்ல அவருக்கு ஒரு வழி வேண்டாமா?

நாம் கேட்க வேண்டிய கணக்கு

கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. வாரியம் வழங்கும் அனுமதிகளையும் அவற்றின் நிபந்தனைகளையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் அதைப் பார்வையிடலாம் என்று 1974-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே கண்டிருக்கிறது. ஐம்பது வருஷமாக இருக்கும் இந்த உரிமையை எத்தனை பேர் உபயோகித்திருப்பார்கள்? வாரியம் வருஷந்தோறும் அறிக்கை தயாரிக்க வேண்டும். சர்க்கார் அதைச் சட்டசபையின் முன் வைக்க வேண்டும். 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து எந்தப் பிரஜையும் தானே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. கேட்ட விவரத்தை 30 நாளில் கொடுத்தாக வேண்டும். 2010-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டலக் கிளை சென்னையிலேயே இருக்கிறது.

வேண்டியது கேள்விதான். முதலாவது கேள்வி: எங்கள் ஊரில் எந்தெந்தக் கிணறுகளைப் பரீட்சித்தீர்கள்? போன வருஷமும் இந்த வருஷமும் கண்ட அளவு என்ன? ஒரே கிணற்றை, ஒரே பருவத்தில், வருஷந்தோறும் பார்த்தால்தான் ஏற்றத்தாழ்வு தெரியும். ஊருக்கு ஊர் தாவிப் பார்ப்பது கணக்காகாது. இரண்டாவது: அளவு மீறியிருந்தால் காரணமான தொழிற்சாலை எது? என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில்? மூன்றாவது: நோட்டீசு அனுப்பினீர்கள், சரி, அதற்குப் பிறகு கழிவுநீர் குறைந்ததா? நான்காவது: விதித்த நஷ்ட ஈட்டில் எவ்வளவு வசூலாயிற்று? உரியவர் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது? ஐந்தாவது: இந்தத் தாலுகாவுக்கு எத்தனை உத்தியோகஸ்தர்கள் வேண்டும்? எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பதில்கள் வந்ததும் அவற்றைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும். பஞ்சாயத்துக் கட்டிடத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். சட்டசபை அங்கத்தினர் வோட்டுக் கேட்க வரும்போது, "எங்கள் வாரியத்தின் அறிக்கையை நீங்கள் படித்தீர்களா? என்ன கேள்வி போட்டீர்கள்?" என்று விசாரிக்க வேண்டும். சாலைக்கும் விளக்குக்கும் கணக்குக் கேட்கக் கற்றுக் கொண்ட ஜனங்கள், தண்ணீருக்குக் கேட்கத் தயங்குவானேன்?

ஒரு சமயம் அந்நியர் ஆண்டார்கள். கேட்க முடியவில்லை என்று சொல்லிக் கொண்டோம். இப்போது சட்டம் நம்முடையது, வாரியம் நம்முடையது, அதன் உத்தியோகஸ்தர்கள் நம்முடைய பிள்ளைகள். கெட்டுப் போன கிணறும் நம்முடையதுதான். பழைய வேலூர் ஜில்லா 2019-இல் மூன்றாகப் பிரிந்துவிட்டது, அலுவலகங்கள் கூடியிருக்கின்றன. பாலாற்றின் மணலுக்கடியில் ஓடும் நீரோ ஜில்லா எல்லையை அறியாது. அது ஓர் ஊர் செய்த பிழையை அடுத்த ஊருக்கு அப்படியே கொண்டு போய்ச் சேர்க்கும். அந்த நீர் தித்திக்கத் தொடங்கும் வரையில், வாரியம் எத்தனை அறிக்கைகள் வெளியிட்டாலும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சுற்றி வந்தது இருக்கட்டும், ஐயா. மாடு எங்கே?"